வாசலுக்கு வரும் பாதை

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

மாமல்லபுரத்து ஐந்து இரதங்களுக்கு அஸ்திவாரம் தோண்டியவர் எவருமில்லை. பாறையையே செதுக்கிக் கோயிலாக்கினர் பல்லவச் சிற்பிகள். மண்மீது கட்டும் நமக்கு அந்தப் பேறு இல்லை. தெருவிலிருந்து வீட்டு வாசல்வரை கார் வருவதற்குப் போடும் சிறு பாதைக்கும் அடித்தளம் வேண்டும். இதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

செங்கல்பட்டுக்கு அருகே, ஏரியை ஒட்டியது எங்கள் ஊர். வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கும் ஒருவர் கடன் வாங்கிச் சிமெண்டுப் பாதை போட்டார். புல்லைச் செதுக்கிவிட்டு நேரே கான்கிரீட் கொட்டினார்கள். ஐப்பசி மழை ஓய்வதற்குள் பாதை வெடித்து ஒருபுறம் சாய்ந்தது. தவணை மட்டும் நிற்கவில்லை. "சிமெண்டைக் குறைத்துவிட்டார்கள்" என்றனர் தெருவார். கொத்தனாரான என் தந்தையார் வெடிப்பின் ஓரத்து மண்ணில் குதிகாலை ஊன்றிப் பார்த்து, "குறை மேலே இல்லை, கீழே" என்றார். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் அவர். அவர் கூற்றை இயற்பியல் கொண்டு பார்ப்போமா?

ஆயிரம் கிலோ எடையுள்ள காரின் ஒரு சக்கரம் சுமார் 250 கிலோவைத் தாங்குகிறது. டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 125 சதுர செ.மீ. ஆகவே அழுத்தம் சதுர செ.மீ.க்கு 2 கிலோ. ஊறிய களிமண் இதைத் தாங்காது. இடையே 30 செ.மீ. கெட்டியான அடுக்கு இருந்தால் சுமை இறங்க இறங்க விரிகிறது. இரண்டு பங்கு இறங்கினால் பக்கத்துக்கு ஒரு பங்கு விரியும் என்பது பொறியாளர்களின் தோராயக் கணக்கு. அதன்படி 11 செ.மீ. சதுரம் 41 செ.மீ. சதுரமாகிறது, அழுத்தமோ 0.15 கிலோவாகக் குறைகிறது!

சுமையை முடிவில் தாங்குவது மண்தான். அதை நீர் தேங்காமல் காப்பதே சாலையின் வேலை என்றார் ஸ்காட்லாந்துக்காரரான மெக்காடம் (1756–1836). நம் ஏரிக்கரைக் களிமண்ணுக்கு இது மிகவும் பொருந்தும். அது மழையில் உப்பும், வெயிலில் சுருங்கிப் பிளக்கும்.

எனவே மேல்மண்ணையும் வேரையும் நீக்கி ஓரடிக்கு மேல் தோண்ட வேண்டும். அரையடிக் கிராவலை இரண்டு அடுக்காகப் பரப்பித் திமிசு போட வேண்டும். அதன்மேல் அரையடி ஜல்லியைக் குவாரித் தூளுடன் இட்டு இறுக்க வேண்டும். பிறகே நாலு அங்குலக் கான்கிரீட். 50 அடிக்கு ஓரடி வீதம் தெருப்பக்கம் சரிவும் தேவை.

திமிசு போடும்போது கிராவலில் ஈரம் அளவாக இருக்க வேண்டும். குறைந்தால் துகள்கள் நெருங்கா. மிகுந்தால் இடைவெளியில் நீரே நின்றுவிடும். இவ்வளவு ஈரத்தில்தான் மண் மிக நன்றாக இறுகும் என்பதைச் சோதனையால் அறியும் முறையை 1933இல் வகுத்தவர் அமெரிக்கரான பிராக்டர். என் தந்தையாரோ கையில் பிடித்து உருட்டிப் பார்க்கிறார். உருண்டை உதிரவும் கூடாது, கையில் ஒட்டவும் கூடாது!

மாமல்லபுரக் கரையோர வீடுகளில் நிலைமை வேறு. மணல் உப்பாது, ஆனால் பக்கவாட்டில் நழுவும். அங்கே மணலை நனைத்து இறுக்கி, இருபுறமும் கருங்கல் வைத்து அணைக்க வேண்டும். கடல் மணலைக் கலவையில் சேர்க்கலாகாது. அதன் உப்பு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் பாதை போடுவார்கள். சிமெண்டு மூட்டை வந்திறங்கும் முன்பே பள்ளத்தின் ஆழத்தை அளந்து பாருங்கள். கான்கிரீட் மூடிய பின் அதை எவராலும் பார்க்க இயலாது.