தந்திரம்: பொருள் மாற்றமும் மொழிபெயர்ப்புச் சிக்கலும்

1. முன்னுரை

திறமையைக் குறிக்கும் சொல் காலப்போக்கில் ஏமாற்றைக் குறிப்பதாக மாறுவது பல மொழிகளிலும் காணப்படுவதாகும். ஆங்கிலத்தில் ‘கிராஃப்ட்’ என்னும் சொல் முதலில் ஆற்றலையும் பின்னர்த் தொழில்திறனையும் உணர்த்தியது. அதன் இனச்சொல் ஜெர்மன் மொழியில் இன்றும் ஆற்றலையே உணர்த்துகிறது. ஆயினும் ஆங்கிலத்தில் அதனடியாகப் பிறந்த ‘கிராஃப்டி’ என்னும் பெயரடை சூதுடைமையைக் குறிக்கிறது. ‘கன்னிங்’ என்பது அறிதற்பொருளுடைய வினையடியாகத் தோன்றியது. 1611-இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் அது கைதேர்ந்த வினைஞரைச் சிறப்பிக்க வந்துள்ளது. இன்று அது பெரும்பாலும் வஞ்சகத்தையே சுட்டும். இவ்வகை மாற்றத்தை மொழியியலார் இழிபொருட்பேறு என்பர். தமிழில் இதற்கு நேரான சான்று ‘தந்திரம்’ என்னும் சொல்லாகும்.

2. சொல்லும் பொருளும்

இச்சொல்லின் மூலமான வடசொல், விரித்தல் அல்லது நீட்டுதல் என்னும் பொருளுடைய ‘தன்’ என்னும் வினையடியாகப் பிறந்தது. தறியையும் பாவு நூலையும் குறித்தது. அதிலிருந்து கட்டமைப்பு, நூல், நூற்பகுதி, ஆட்சிமுறை, படை, வழிபாட்டு முறை எனப் பொருள்கள் கிளைத்தன. திருமந்திரம் 9 தந்திரங்களாகப் பகுக்கப்பட்டிருப்பதும், பஞ்சதந்திரம் 5 பகுதிகளை உடையதாயிருப்பதும் நூற்பகுதி என்னும் பொருளுக்குச் சான்றுகள். இன்றைய தமிழ் வாசகரோ பஞ்சதந்திரத்தை ‘ஐந்து சூழ்ச்சிகள்’ என்றே உணர்தல் கூடும்.

தனித்து வரும்போது ‘தந்திரம்’ இக்காலத் தமிழில் பெரும்பாலும் சூழ்ச்சியைக் குறிக்கிறது. தந்திரக்காரன், நரித்தந்திரம் ஆகியன இதனை உறுதிப்படுத்தும். தொகைச்சொற்களில் பழம்பொருள் எஞ்சியுள்ளது. இராஜதந்திரம் என்பதில் இகழ்ச்சி கட்டாயமன்று; சுதந்திரம் என்பதிலோ சூழ்ச்சியின் சாயலே இல்லை.

3. கன்னட வழக்கு

கன்னடத்தில் ‘தந்த்ர’ என்பது சூழ்ச்சியையும் குறிக்குமெனினும், உத்தி, செயல்நுட்பம் ஆகிய பொருள்களிலேயே மிகுதியாக ஆளப்படுகிறது. பெங்களூருவில் தகவல் தொழில்நுட்பம் ‘மாஹிதி தந்த்ரஜ்ஞான’ என வழங்கப்படுகிறது. மென்பொருள் ‘தந்த்ராம்ச’ எனப்படுகிறது. இவற்றை முதன்முறை காணும் தமிழருக்குத் ‘தந்திர அறிவு’ என்னும் வியப்பான பொருள் தோன்றலாம். தீய சூழ்ச்சியை ஐயமின்றி உணர்த்தக் கன்னடம் ‘கு’ என்னும் முன்னொட்டைச் சேர்த்துக் ‘குதந்த்ர’ என்கிறது.

இங்கு ஒரு வேறுபாடு நோக்கத்தக்கது. கன்னடத்தில் இழிபொருளைத் தெளிவுபடுத்த அடை தேவைப்படுகிறது; தமிழில் இழிபொருளை நீக்க அடை தேவைப்படுகிறது. வடிவம் ஒன்றாயினும் இரு மொழிகளிலும் அதன் இயல்புநிலைப் பொருள் ஒன்றன்று.

4. மொழிபெயர்ப்பில் விளைவு

கன்னடத் திறனாய்வாளர் ஒருவர் ஒரு நாவலின் ‘தந்த்ர’த்தைப் பாராட்டுவதாகக் கொள்வோம். அதனைத் ‘தந்திரம்’ எனப் பெயர்த்தால் பாராட்டு பழிப்பாகிவிடும். ‘உத்தி’ என்பதே பொருந்தும். அரசியல் செய்திகளில் விளைவு இன்னும் கடுமையாகும். காவிரி நீர்ப் பங்கீடு போன்ற பொருளில், ஒரு மாநிலம் தனது சட்டப் போராட்டத்திற்கு வகுக்கும் ‘தந்த்ர’த்தைத் தமிழ் நாளிதழ் ‘தந்திரம்’ என வெளியிடின், கூறியவர் தம் வஞ்சகத்தைத் தாமே ஒப்புக்கொண்டதாக வாசகர் கருத இடமுண்டு. மறுதலையாக, தமிழர் ஒருவர் ‘இது தந்திரம்’ எனக் குற்றஞ்சாட்டுவதைக் கன்னடத்தில் ‘தந்த்ர’ என்று மட்டும் பெயர்த்தால் குற்றச்சாட்டின் கூர்மை மழுங்கும். ஆண்டுக் ‘குதந்த்ர’ என்பதே ஏற்கும்.

5. முடிவுரை

அறியாத சொல்லை மொழிபெயர்ப்பாளர் அகராதியில் தேடுவார். அறிந்ததாகத் தோன்றும் சொல்லைத் தேடார். எனவே இருமொழி அகராதிகள் இத்தகைய பொதுச்சொற்களுக்குப் பொருள்களை வரிசைப்படுத்துவதோடு அமையாது, எப்பொருள் இயல்பாக வரும், எது அடைபெற்று வரும் என்பதையும், புகழ்ச்சி இகழ்ச்சிக் குறிப்புகளையும் சுட்டுதல் வேண்டும். அண்டை மொழிகளுக்கிடையே பிழை நேர்வதற்கு வேற்றுமையைக் காட்டிலும் ஒற்றுமையே பலகாலும் காரணமாகிறது என்பதனைத் ‘தந்திரம்’ தெளிவுறக் காட்டுகிறது.