மாவலி: கடையில் வாங்கலாமா, வீட்டில் சுருட்டலாமா?

கார்த்திகை மாதம் பிறந்துவிட்டால் நமக்கு வேலை சொல்லி மாளாது. பரணில் இருக்கும் அகல்களை இறக்கித் தண்ணீரில் ஊறப் போட வேண்டும். திரி திரிக்க வேண்டும். பொரி உருண்டைக்குப் பாகு பதம் பார்க்க வேண்டும். அந்த நேரம் பார்த்துப் பிள்ளைகள் வந்து, "அம்மா, இந்த வருஷம் மாவலி உண்டா, இல்லையா?" என்று முந்தானையைப் பிடித்து இழுக்கும். உண்டு என்று சொல்லிவிட்டால் அடுத்த கேள்வி நமக்கு. கடையில் வாங்குவதா, வீட்டிலேயே செய்வதா?

பட்டணத்துச் சகோதரிகள் சிலருக்கு மாவலி தெரியாமல் இருக்கலாம். விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமங்களில் தீபத்தன்று இருட்டினதும் பையன்கள் சுற்றுவார்களே, அதுதான். மாவளி என்பார்கள், கார்த்திகைப் பொறி என்றும் சொல்வார்கள். பனம்பூக் கரித்தூளைத் துணியில் வைத்துக் குழல் போலச் சுருட்டி, பனை மட்டைக்கு நடுவில் கட்டி, கங்கு வைத்துக் கயிற்றால் சுழற்றினால் பொன் பூவாகப் பொறி கொட்டும். இதில் மருந்தும் கிடையாது, சத்தமும் கிடையாது. மகாபலி மன்னன் பெயரால் வந்தது என்று பெரியவர்கள் கதை சொல்வதுண்டு.

பொறி எப்படி வருகிறது? கரி சுவாலை விடாமல் கனன்றுகொண்டிருக்கும். சுழற்றும்போது காற்று பட்டுச் சிவக்கிறது. சுழற்சி வேகத்தில் சின்னச் சின்னக் கரித்துணுக்குகள் பிய்ந்து, எரிந்துகொண்டே வெளியே பறக்கின்றன. அவ்வளவுதான் சூட்சுமம். ஆகவே மாவலியின் நல்லதும் கெட்டதும் அந்தத் துணிச் சுருளில்தான் இருக்கிறது. இறுக்கமாக இருந்தால் பொறி கொஞ்சம் கொஞ்சமாக வரும், நேரம் தாங்கும். தளர்வாக இருந்தால் காற்று உள்ளே புகுந்து கரி மளமளவென்று பற்றிக்கொள்ளும். துணி பிய்ந்தால் கங்கு கட்டியாகக் கீழே விழும்.

வாங்குவது என்றால்

தீபத்துக்கு முன்னால் சந்தையிலும் கோயில் வாசலிலும் கட்டிய மாவலி விற்பார்கள். வேலைக்குப் போகும் பெண்களுக்கும், பனைமரமே கண்ணில் படாத ஊரில் இருப்பவர்களுக்கும் அதுதான் சௌகரியம். விற்பவர்களும் பெரும்பாலும் பனையை நம்பிப் பிழைக்கிற ஏழை எளியவர்கள். அவர்களிடம் பேரம் பேசாமல் வாங்கினால் புண்ணியம்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். சில வருஷங்களுக்கு முன் எங்கள் வீட்டுக்கு வாங்கி வந்த ஒன்று, பத்துச் சுற்று சுற்றுவதற்குள் பக்கவாட்டில் பிளந்துவிட்டது. கங்கு தெறித்து என் நாத்தனார் மகன் முழங்கையில் விழுந்து கொப்புளம் கண்டது. பிரித்துப் பார்த்தால் உள்ளே இருந்தது நைலக்ஸ் புடவைத் துண்டு! அந்த மாதிரித் துணி உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். நூல் துணியானால் கருகிச் சாம்பலாகும்.

வாங்கும்போது நாலு விஷயம் பாருங்கள். துணி நூல் துணியா என்று தொட்டுப் பாருங்கள். சுருளை அழுத்தினால் அமுங்கக் கூடாது. லேசாகக் குலுக்கினால் கரி உதிரக் கூடாது. கயிற்று முடிச்சை இழுத்தால் நெகிழக் கூடாது. இந்த நாலும் சரியென்றால் தாராளமாக வாங்கலாம்.

வீட்டில் சுருட்டுவது என்றால்

ஆண் பனையில் விரல் விரலாகத் தொங்குகிற பூந்தண்டுதான் வேண்டும். காய்ந்து விழுந்ததைப் பொறுக்கினாலே போதும், மரத்தில் ஏற வேண்டியதில்லை. அதை வெயிலில் காய வைத்துச் சின்னக் குழியில் போட்டுக் கொளுத்தி, நன்றாகப் பற்றியதும் மண்ணைத் தள்ளி மூட்டம் போட வேண்டும். திறந்து விட்டால் சாம்பல்தான் மிஞ்சும். இது பெரியவர்கள் வேலை. எடுத்த கரியை ஒரு நாள் முழுக்க வெட்டவெளியில் பரப்பி வைத்துவிட்டு அப்புறம்தான் வீட்டுக்குள் கொண்டு வர வேண்டும். ஆறின மாதிரி இருக்கும், உள்ளே கங்கு ஒளிந்திருக்கும்.

பிறகு மூக்கில் துணி கட்டிக்கொண்டு உரலில் இடித்துச் சலியுங்கள். ரொம்ப மாவாக இடித்தால் பொறி சட்டென்று அணைந்துவிடும். ரவை பதம் சரியாக இருக்கும். சிலர் கல்லுப்பு சேர்ப்பார்கள், படபடவென்று பொரியும் என்று. பிள்ளைகள் முகத்துக்கு நேரே தெறிக்கும் என்பதால் எங்கள் வீட்டில் சேர்ப்பதில்லை.

இனிமேல்தான் நம் கைவேலை. பழைய வேட்டித் துணியில் ஒரு சாண் அகலத்துக்குக் கிழித்து, கரித்தூளைச் சீராகப் பரப்பி, பாய் சுருட்டுகிற மாதிரி இறுக்கிச் சுருட்டுங்கள். கட்டை விரல் பருமனுக்கு வந்தால் போதும். இரண்டு முனையையும் மடித்துத் தைத்து, மேலே நூலால் நெருக்கமாக வரிந்து கட்டுங்கள். பூத்தொடுக்கத் தெரிந்த கைக்கு இது பெரிய வித்தையா? பச்சைப் பனை மட்டையின் கருக்கை நன்றாகச் சீவிவிட்டு, நுனியை மூன்றாகப் பிளந்து, நடுவில் சுருளைச் செருகிக் கட்டினால் மாவலி தயார். எங்கள் வீட்டுச் சுருள் கால் மணி நேரம் தாங்கும்.

பேப்பர் குழல் வேண்டவே வேண்டாம்

இப்போது பையன்களுக்கு ஒரு விபரீத ஆசை வந்திருக்கிறது. வெடிக்காத பட்டாசைப் பிரித்து மருந்தைக் கொட்டி, நோட்டுப் பேப்பரில் குழல் சுருட்டி அடைத்து, "நாங்களே புஸ்வாணம் செய்கிறோம்" என்கிறார்கள். துணிச் சுருள் செய்யத் தெரிந்தவனுக்குப் பேப்பர் குழலும் ஒன்றுதானே என்று நினைக்காதீர்கள். கரி காற்று பட்டால்தான் கனலும். பட்டாசு மருந்துக்குக் காற்றே வேண்டாம், தீ பிடிக்க வேண்டிய சரக்கு அதற்குள்ளேயே இருக்கிறது. இறுக்கி அடைத்தால் குழல் கையிலேயே வெடிக்கும். விரலும் கண்ணும் போனால் திரும்பி வருமா? உரிமம் இல்லாமல் பட்டாசு செய்வது 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டப்படி குற்றமும்கூட. பட்டாசு வேண்டுமென்றால் உரிமம் பெற்ற கடையில் வாங்கியதே போதும். சுருட்டுகிற ஆசைக்கு மாவலி இருக்கிறது.

சுற்றும்போது

வைக்கோல் போர், கூரை வீடு, துணிக்கொடி இல்லாத வெட்டவெளியில், பெரியவர் ஒருவர் கூட நின்றுதான் சுற்ற வேண்டும். நூல் சட்டை, காலில் செருப்பு. பாவாடை தாவணி கட்டிய பெண் பிள்ளைகள் இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும். ஒருவர் சுற்றும்போது மற்றவர்கள் பத்தடியாவது தள்ளி நிற்கட்டும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும். முடிந்ததும் மாவலியை அதிலேயே முக்கி, விடியும் வரை ஊற விடுங்கள்.

சூடு பட்டுவிட்டால் பேனா மை, பற்பசை, மஞ்சள் எதுவும் தடவாதீர்கள். ஐஸ் கட்டியும் கூடாது. குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். முகம், கை விரல், கண் என்றால் உடனே டாக்டரிடம் போய்விடுங்கள்.

என் யோசனை இதுதான். கரி மூட்டம் போட இடமும் ஆளும் இல்லாவிட்டால் கரித்தூளை ஊரிலிருந்து வரவழையுங்கள், மட்டையையும் வாங்கிக்கொள்ளுங்கள். சுருளை மட்டும் உங்கள் கையால் சுருட்டுங்கள். ஒரு மத்தியான வேலைதான். பிள்ளை தலைக்கு மேல் சுழலப் போவதற்குள் என்ன துணி, என்ன தூள், எத்தனை முடிச்சு என்று பெற்றவளுக்குத் தெரிந்திருப்பது நல்லது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பனை நம் மாநில மரம். 2021-லிருந்து அதை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று அரசு சொல்லியிருக்கிறது. காய்க்காத ஆண் பனைதானே என்று வெட்டிச் செங்கல் சூளைக்கு அனுப்பியவர்கள் உண்டு. மாவலிக்குப் பூக் கொடுப்பது அந்த ஆண் பனைதான். தீபம் முடிந்ததும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய் ஏரிக்கரையில் இரண்டு பனங்கொட்டை ஊன்றிவிட்டு வாருங்கள். அவர்கள் பிள்ளைகள் சுற்ற மாவலி வேண்டாமா?