இடமும் தலைமுறையும் மாற்றும் தமிழ்

பள்ளிக்கு வர இயலாத மாணவன் ஒருவன் தன் நண்பனிடம் "நாளைக்கு வரலடா" என்கிறான். ஆசிரியரிடம் "நாளைக்கு வர முடியாதுங்க ஐயா" என்கிறான். விடுப்பு விண்ணப்பத்தில் "நாளை பள்ளிக்கு வர இயலாத நிலையில் உள்ளேன்" என்று எழுதுகிறான். செய்தி ஒன்றே, கேட்போரும் சூழலும் மாறுவதால் மொழிநடையும் மாறுகிறது.

இரட்டை வழக்கு

ஒரு சமூகம் பேச்சுக்கு ஒரு வடிவத்தையும் எழுத்துக்கும் மேடைக்கும் மற்றொரு வடிவத்தையும் கையாள்வதை இரட்டை வழக்கு என்பர். இக்கருத்தை அமெரிக்க மொழியியலறிஞர் சார்லஸ் பெர்குசன் 1959இல் எழுதிய கட்டுரை வழியாகப் பரவலாக அறியச் செய்தார். தமிழ் மரபு இவ்வேறுபாட்டை முன்பே உணர்ந்திருந்தது. வழக்கு, செய்யுள் ஆகிய இரண்டையும் ஆராய்ந்தே தொல்காப்பியம் இயற்றப்பட்டதாக அதன் சிறப்புப்பாயிரம் குறிப்பிடுகிறது.

பேச்சுத்தமிழைப் பிழையான தமிழ் என்று கருதுவது பொருந்தாது. அதற்கும் ஒழுங்கு உண்டு. 'படித்தேன்' என்பது 'படிச்சேன்' என்றும் 'நினைத்தேன்' என்பது 'நினைச்சேன்' என்றும் ஒலிக்கின்றன. ஆனால், 'எடுத்தேன்' என்பதை எவரும் 'எடுச்சேன்' என்பதில்லை. இத்தகைய வினைகளில் இகர, ஐகாரங்களை அடுத்து வரும் 'த்த்' இவ்வாறு 'ச்ச்' ஆகிறது. எழுதப் படிக்க அறியாதவரும் இவ்விதியைப் பிறழாமல் பின்பற்றுகின்றனர்.

தலைமுறை மாற்றம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கூட்டத் தலைவரை 'அக்கிராசனர்' என்றும், வேட்பாளரை 'அபேட்சகர்' என்றும், பல்கலைக்கழகத்தைச் 'சர்வகலாசாலை' என்றும் எழுதினர். மறைமலையடிகள் 1916இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கமும் அதன்பின் எழுந்த மொழியுணர்வும் அச்சொற்களின் இடத்தில் தமிழ்ச் சொற்களை நிலைபெறச் செய்தன.

சில சொற்கள் பொருளோடு சேர்ந்து மறைகின்றன. மின்விசை இறைப்பான் வந்தபின் கமலையும், லிட்டர் அளவை வந்தபின் மரக்காலும் அன்றாடப் பேச்சிலிருந்து விலகின. உறவுப்பெயர்களின் நிலை வேறு. அத்தை, சித்தி, பெரியம்மா ஆகிய மூவரையும் 'ஆன்ட்டி' என்னும்போது, உறவினர் இருக்கின்றனர். உறவின் வேறுபாட்டைக் காட்டும் சொல் மறைகிறது.

இரண்டும் வேண்டும்

மருத்துவமனையில் மூதாட்டி ஒருவர் "நெஞ்சைக் கரிக்குது, கிறுகிறுன்னு வருது" என்று கூறுகிறார். இளம் மருத்துவர்க்கு அச்சொற்கள் புரியாவிடில் நோயின் குறி தவறிப்போகும். மருத்துவர் ஏட்டு மொழியில் கூறும் அறிவுரை மூதாட்டிக்கு விளங்காவிடில் மருந்து பயன் தராது. அதுபோலவே, எழுத்து வழக்கில் பழகாத இளைஞர், தம் உரிமையைக் கோரும் விண்ணப்பத்தைத் தாமே எழுத இயலாமல் பிறர் கையை எதிர்நோக்க நேர்கிறது.

ஆகவே, ஒரு வழக்கை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்துதல் மொழியறிவாகாது. இடமறிந்து எழுத்து வழக்கைக் கையாள்வதும், மூத்தோர் சொல்லைக் கேட்டுப் பொருளறிந்து போற்றுவதும் மாணவர்க்கு வேண்டிய இருபெருந் திறன்களாகும்.