பொட்டலத்தை நிறுக்கும் தராசு
சட்டமும் சமமும் – 7

சென்ற வாரம் அமெரிக்காவின் 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பார்த்தோம். கொக்கைனின் இன்னொரு வடிவமான கிராக் 5 கிராம் சிக்கினாலும், கொக்கைன் தூள் 500 கிராம் சிக்கினாலும் குறைந்தது ஐந்தாண்டு சிறை. கிராக் வழக்கில் உள்ளே போனவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பர்கள். 2010-இல்தான் 100-க்கு 1 என்ற அந்த விகிதம் 18-க்கு 1 எனக் குறைந்தது.

சிங்கப்பூர்ச் சட்டத்தில் அப்படிக் கோணல் எதுவும் கண்ணில் படாது. 15 கிராமுக்கு மேல் ஹெராயின், 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் தூக்கு. சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லோருக்கும் ஒரே தராசு.

ஈப்போவைச் சேர்ந்த மலேசியத் தமிழர் நாகேந்திரன் தர்மலிங்கம் 2009-இல் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் பிடிபட்டார். தொடையில் கட்டியிருந்தது 42.72 கிராம் ஹெராயின். அவருடைய அறிவுத்திறன் எண் 69 என்று மருத்துவ நிபுணர் கணித்திருந்தார். 2022 ஏப்ரல் 27-இல் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

தப்ப ஒரு வழி இருந்தது. 2012-இல் திருத்திய சட்டப்படி, சரக்கைச் சுமந்தவர் மட்டுமே என்று நிரூபணமாகி, கும்பலை ஒடுக்க உருப்படியாக உதவினார் என்று அரசு வழக்கறிஞர் சான்றும் கொடுத்தால், ஆயுள் சிறையும் பிரம்படியும் விதிக்கலாம். நாகேந்திரனுக்கு அந்தச் சான்று கிடைக்கவில்லை. காட்டிக்கொடுக்க ஏதாவது தெரிந்தால்தானே கிடைக்கும்? மேலே இருப்பவனுக்குப் பெயர்கள் தெரியும், பணம் போகும் பாதை தெரியும். கூலிக்குச் சுமப்பவனுக்குப் பொட்டலத்தை யாரிடம் சேர்ப்பது என்பதற்கு மேல் என்ன தெரியும்?

மறு ஆண்டு ஏப்ரல் 26-இல் தூக்கிலேறிய சிங்கப்பூர்த் தமிழர் தங்கராஜு சுப்பையா, கஞ்சாவைக் கையால் தொடவே இல்லை. ஒரு கிலோ கடத்தலோடு அவரைப் பிணைத்ததில் முக்கியச் சாட்சியம் தொலைபேசி எண்கள். வாக்குமூலத்தின்போது தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டும் தரவில்லை என்றார், நீதிமன்றம் ஏற்கவில்லை. தூக்குக் கைதிகளில் மலாய்க்காரர்கள் ஏன் இத்தனை பேர் என்று 2021-இல் 17 மலாய்க் கைதிகள் வழக்குப் போட்டார்கள். அதுவும் தள்ளுபடி.

நம் நாட்டின் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டமும் எடைக்கணக்கில்தான் ஓடுகிறது. கஞ்சா 20 கிலோவைத் தாண்டினால், ஹெராயின் 250 கிராமைத் தாண்டினால் வணிக அளவு. 10 முதல் 20 ஆண்டு சிறை, ஜாமீன் குதிரைக்கொம்பு. முதல் போட்டவரா, கூலிக்குத் தூக்கியவரா என்று அந்த எடை அட்டவணை கேட்பதில்லை.

இந்தச் சட்டத்தில் சிக்கி, நம் உழவர்கரை நகராட்சிக்குள் இருக்கும் காலாப்பட்டு மத்திய சிறைக்குப் போகிறவர்கள் எந்தச் சாதி, எந்தத் தெரு, என்ன வேலை? தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் சிறை அறிக்கையில் சாதிப் பிரிவுக்கு ஓர் அட்டவணை, குற்றத்துக்கு ஓர் அட்டவணை. இரண்டையும் இணைத்துப் பார்க்க வழியில்லை. அமெரிக்காவில் தண்டனை ஆணையமே இனவாரிக் கணக்கை வெளியிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் அங்கே வாதாடினார்கள். இங்கே பாகுபாடு இருக்கிறது என்பவரும் இல்லை என்பவரும் வெறுங்கையோடு நிற்கிறோம். முதலில் அந்தக் கணக்கைக் கேட்போம்.

அடுத்த வாரம்: சிறைக்குள் சாதி பார்த்து வேலை பிரிப்பது செல்லாது என்று 2024 அக்டோபர் 3-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு.

(தொடரும்)