இருவாச்சிக்கும் ஒரு வீடு வேண்டும்

சாங்கி வட்டாரவாசிகளுக்கு இருவாச்சி இப்போது புதிய விருந்தாளி அல்ல. கறுப்பு உடல், வெள்ளை வயிறு, பெரிய மஞ்சள் அலகு. அதன் மேல் இன்னோர் அலகைக் கவிழ்த்து வைத்தாற்போல் ஒரு புடைப்பு. எங்கள் புளோக்கின் எதிரே உள்ள மரத்தில் ஒரு ஜோடி வந்து உட்கார்ந்த அன்று, கீழ்த்தளத்தில் இருந்த எல்லாருமே கைப்பேசியைத் தூக்கிவிட்டோம். “ஏதோ பறவைப் பூங்காவிலிருந்து தப்பி வந்திருக்கும்” என்றார் பக்கத்து வீட்டு அங்கிள்.

உண்மையில் இது இந்தத் தீவின் சொந்தப் பறவை. காடுகள் அழிந்ததாலும் வேட்டையாலும் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சிங்கப்பூரைவிட்டு மறைந்துபோனது. சுமார் 140 ஆண்டுகளுக்குப் பிறகு, 1994ல் புலாவ் உபின் தீவில் ஒரு காட்டு ஜோடி தென்பட்டது. ஜொகூர் பக்கமிருந்து நீரிணையைக் கடந்து வந்திருக்கலாம் என்பது கணிப்பு.

வந்துவிட்டது, சரி. ஆனால் மளமளவென்று பெருகவில்லை. உபினில் பழங்களுக்குப் பஞ்சமில்லை, பஞ்சம் வீட்டுக்குத்தான். இருவாச்சி பெரிய மரத்தின் பொந்தில்தான் முட்டையிடும். அத்தனை பெரிய பொந்து விழ, மரம் பல பத்தாண்டுகள் வளர்ந்திருக்க வேண்டும்.

“மரங்கொத்தி மாதிரி அதுவே குடைந்துகொள்ளக் கூடாதா அப்பா?” என்று கேட்டாள் என் மகள். முடியாது. அந்த நீண்ட அலகு, கிளை நுனியில் இருக்கும் பழத்தை எட்டிப் பறிக்கத்தான் தோதானது. தலைமேல் இருக்கும் புடைப்பும் உள்ளே வெற்றிடம்தான்.

‘எலி வளையானாலும் தனி வளை வேண்டும்’ என்பார்கள். இருவாச்சி அதற்கும் ஒரு படி மேலே. பெண் பறவை பொந்துக்குள் நுழைந்ததும், மண், பழச்சதை, எச்சம் ஆகியவற்றைக் குழைத்து வாசலை அடைத்துக்கொள்கிறது. மிஞ்சுவது ஒரு சிறு பிளவு மட்டுமே. ஏறக்குறைய மூன்று மாதம் ஆண் பறவைதான் பழம், பூச்சி, பல்லி என்று கொண்டுவந்து அந்தப் பிளவு வழியே ஊட்டவேண்டும். அதற்கு ஏதாவது நேர்ந்தால் உள்ளே இருக்கும் குடும்பமே தவித்துப்போகும்.

2004ல் தேசியப் பூங்காக் கழகம், ஜூரோங் பறவைப் பூங்கா, கருத்தரிப்பு மருத்துவர் இங் சூன் சாய், ஆய்வாளர் மார்க் கிரெமாடெஸ் ஆகியோர் கைகோத்து, மரங்களில் செயற்கைக் கூடுகளைப் பொருத்தத் தொடங்கினர். உள்ளே கேமராவும் வைத்தனர். பறவைகள் குடியேறின.

கேமரா காட்டியது எல்லாமே இனிப்பானதாக இல்லை. முட்டைகள் ஒரே நாளில் பொரிப்பதில்லை. கடைசியாக வரும் குஞ்சு நோஞ்சானாக இருக்கும். சில கூடுகளில் தாயே அந்தக் குஞ்சைக் கொன்று தின்றது, மற்றக் குஞ்சுகளுக்கும் ஊட்டியது. படித்தபோது எனக்கு மனம் கசந்தது. மகளிடம் சொல்லத் தயங்கி, பிறகு சொன்னேன். அழகான பறவை என்பதால் அதன் வாழ்க்கையும் அழகாகத்தான் இருக்க வேண்டுமா?

இன்று சிங்கப்பூரில் நூறுக்கு மேற்பட்ட இருவாச்சிகள் இருக்கின்றன. தின்ற பழங்களின் விதைகளை அவை தொலைதூரம் கொண்டுபோய்ப் போடுகின்றன. நாளைய மரங்கள் அப்படித்தான் முளைக்கின்றன.

ஆனால் நகரத்தில் பொந்து விழுந்த மரம் என்றால் நமக்குப் பயம். சாய்ந்துவிடுமோ என்று வெட்டச் சொல்கிறோம். சாலையோரத்தில் அந்தப் பயம் நியாயமானதே. ஆளில்லாத காட்டோரத்தில் நிற்கும் கிழட்டு மரத்தையும் அதே கண்ணால் பார்க்க வேண்டியதில்லை. செயற்கைக் கூடு வாடகை வீடு மாதிரி, யாராவது பராமரித்துக்கொண்டே இருக்கவேண்டும். மரப்பொந்துதான் சொந்த வீடு.

உங்கள் பேட்டைக்கு இருவாச்சி வந்தால் தீனி போடாதீர்கள். கூடு கண்ணில் பட்டால் எட்ட நின்று பாருங்கள். வளர்ப்புப் பறவைக் கூண்டு மாடத்தில் தொங்கினால் உள்ளே எடுத்து வையுங்கள். சிறு பறவைகளும் அதற்கு உணவுதான்.