ஈசிஜி சரியாக இருந்தும் ஏன் இந்தப் பயம்?

நெஞ்சு அடைக்கிறது, மூச்சு முட்டுகிறது, விரல்கள் மரத்துப்போகின்றன. உயிர் போகப்போகிறது என்றே நம்பி அவசரப் பிரிவுக்கு ஓடி வருகிறவர்களில் ஒரு பகுதியினருக்கு ஈசிஜியும் ரத்தப் பரிசோதனையும் சரியாகவே இருக்கும். ‘ஒன்றுமில்லை, கேஸ்தான்’ என்று அனுப்பிவிடுவார்கள். வந்தது பேனிக் அட்டாக்காக இருக்கலாம். சில நிமிடங்களில் உச்சத்துக்கு ஏறி, தானாகவே தணிந்துவிடும். வாழ்நாளில் ஓரிரு முறை இப்படி வந்து அத்தோடு விட்டுவிட்டவர்கள் நிறையப் பேர். அடுத்தது எப்போது வருமோ என்று ஒரு மாதமாவது விடாமல் கலங்குவதோ, அதற்குப் பயந்து பஸ், லிஃப்ட், கல்யாண மண்டபம் என்று ஒவ்வொன்றாகத் தவிர்ப்பதோ தொடங்கினால்தான் அது பீதி நோய். சிகிச்சை முதலில் கைவைக்க வேண்டிய இடமும் இந்தப் பயம்தான்.

பிரிட்டிஷ் உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்: உடலின் சாதாரணக் குறிகளைப் பேராபத்தாகத் தப்பர்த்தம் செய்துகொள்வதே பீதியின் ஊற்று. மாடி ஏறினால் இதயம் படபடக்கத்தான் செய்யும். அதை ஹார்ட் அட்டாக் என்று நினைத்த மாத்திரத்தில் அட்ரினலின் சுரந்து துடிப்பு இன்னும் கூடுகிறது. காற்று போதவில்லை என்று பயந்தவர் வேகவேகமாக மூச்சிழுக்கிறார். ஆக்சிஜனுக்கு அங்கே பஞ்சமே இல்லை. ரத்தத்தில் குறைவது கார்பன் டை ஆக்சைடு. அது குறையும்போது மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கித் தலை சுற்றுகிறது. உதடும் விரல் நுனியும் சுருக்சுருக்கென்று குத்துகின்றன. பயந்தவருக்கு அதுவும் சாவின் அறிகுறியாகவே படுகிறது.

இது மூளையின் ரசாயனக் கோளாறு, எண்ணத்துக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் பக்கமும் வலுவான சான்று இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றைச் சுவாசித்தாலே பீதி நோயாளிகள் பலருக்கு அட்டாக் வரும். பயத்தின் இருப்பிடம் என்று சொல்லப்படும் அமிக்டலா மூளையின் இரு பக்கமும் சிதைந்துபோன மூவருக்கு 35 சதவீத வாயுவைக் கொடுத்தபோது மூவருமே பீதியில் துடித்தார்கள் என்று 2013இல் ஓர் ஆய்வு வெளியானது. ஆனால் 1989இல் உளவியலாளர்கள் சாண்டர்சன், ரேப்பி, பார்லோ செய்த சோதனையைப் பாருங்கள். 20 நோயாளிகளுக்கும் ஒரே அளவாக 5.5 சதவீத வாயு. விளக்கு எரிந்தால் ஒரு குமிழைத் திருப்பி வாயுவைக் குறைத்துக்கொள்ளலாம் என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தார்கள். குமிழ் வெறும் பொம்மை. விளக்கும் பாதிப் பேருக்குத்தான் எரிந்தது. எரியாதவர்களில் 80 சதவீதம் பேருக்கு அட்டாக் வந்தது, எரிந்தவர்களில் 20 சதவீதம் பேருக்கு மட்டுமே. ரசாயனம் இரு தரப்புக்கும் ஒன்றுதான். தன் கையில் பிடி இருக்கிறது என்ற நம்பிக்கைதான் வேறு.

அதனால்தான் இன்றைய உளவியல் சிகிச்சை, பயப்படும் குறிகளை வேண்டுமென்றே வரவழைக்கிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்லிய ஸ்ட்ரா வழியாக ஒரு நிமிடம் மூச்சு விடச் சொல்வார்கள். சுழல் நாற்காலியில் சுற்றவிடுவார்கள். நின்ற இடத்திலேயே ஓடச் சொல்வார்கள். தலை சுற்றும், நெஞ்சு படபடக்கும், அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. பலமுறை செய்தபின் உடம்பின் இந்தச் சத்தங்கள் மிரட்டுவதை விட்டுவிடுகின்றன. வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதுபோல் தோன்றலாம். ஆனால் சட்டைப் பையில் மாத்திரை, கையில் தண்ணீர் பாட்டில், துணைக்கு ஓர் ஆள் என்று வாழ்பவர், இவை இருந்ததால்தான் பிழைத்தேன் என்றே ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறார். பயம் பொய் என்று தெரிந்துகொள்ள வாய்ப்பே அவருக்குக் கிடைப்பதில்லை.

அப்படியானால் மருந்து வேண்டாமா? வேண்டியவர்களுக்கு வேண்டும். செர்ட்ராலின், எஸ்சிடலோபிராம் போன்றவை சில வாரங்களில் நல்ல பலன் தருகின்றன. தொடக்கத்தில் படபடப்பு சற்றுக் கூடலாம் என்பதால் குறைந்த அளவில் ஆரம்பிப்பார்கள். அல்பிரசோலம் நிமிடங்களில் அடக்கும், ஆனால் பழக்கமாகிவிடும்; பையில் இருக்கும் மாத்திரையே அதுதான் பெரும்பாலும். பார்லோ குழு 312 பேரிடம் நடத்தி 2000இல் வெளியிட்ட ஆய்வில் இமிப்ரமின் மருந்தும் உளவியல் சிகிச்சையும் இரண்டுமே பலன் தந்தன. எல்லாவற்றையும் நிறுத்தி ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களைவிட உளவியல் சிகிச்சை மட்டும் பெற்றவர்களே நன்றாக இருந்தார்கள். குணமானதன் பெருமை மருந்துக்குப் போய்விட்டதோ என்பது என் ஊகம்.

நிஜமாகவே இதயக் கோளாறாக இருந்துவிட்டால் என்ற கேள்வியைத் தள்ளிவிட முடியாது. இதயத் துடிப்புக் கோளாறு, தைராய்டு மிகைச் சுரப்பு, ஆஸ்துமா எல்லாம் இதே வேடத்தில் வரும். முதல்முறை முழுதாகப் பரிசோதித்தே ஆகவேண்டும். ஸ்ட்ரா, நாற்காலிப் பயிற்சியும் அதற்குப் பிறகுதான். புதுக் குறி எதுவும் இல்லாமல் மாதாமாதம் எடுக்கும் ஈசிஜி வேறு கதை. அது தரும் நிம்மதி நாலு நாள்கூடத் தாங்குவதில்லை.