பரணிலிருந்து இறங்கிய ராட்டை

மும்பை காம்தேவியில் உள்ள மணி பவனின் இரண்டாவது மாடியில் ஓர் அறை. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் வெள்ளை விரிப்பிட்ட மெத்தை, அருகே ராட்டைகள். நண்பர் ரேவாசங்கர் ஜக்ஜீவன் ஜவேரியின் இந்த வீட்டில்தான் 1917 முதல் 1934 வரை மும்பை வரும்போதெல்லாம் காந்தி தங்கினார்.

பார்வையாளர்களுக்கு ராட்டை ஒரு பழம்பொருள். காந்திக்கும் அது பழம்பொருளாகத்தான் கிடைத்தது. 1915-ல் இந்தியா திரும்பியபோதுகூட ராட்டையைக் கண்ணால் பார்த்ததில்லை என்று ‘சத்திய சோதனை’யில் அவர் குறிப்பிடுகிறார். ஆசிரமத்தில் தறிகள் வந்துவிட்டன; நூலுக்கு மட்டும் ஆலைகளை நம்ப வேண்டியிருந்தது.

ராட்டையைத் தேடிப் பிடித்தவர் கங்காபென் மஜூம்தார் என்ற விதவைப் பெண்மணி. குஜராத் முழுக்க அலைந்து, பரோடா சமஸ்தானத்தின் விஜாபூரில் கண்டுபிடித்தார். பல வீடுகளில் ராட்டை இருந்தது, ஆனால் பரணில். மீண்டும் நூற்க மக்கள் தயாராக இருந்தார்கள். நிபந்தனை இரண்டுதான்: தவறாமல் பஞ்சுப் பட்டை தர வேண்டும், நூற்றதை வாங்கிக்கொள்ள வேண்டும்.

சிக்கல் அங்கேதான் இருந்தது. ஒரு கை சக்கரத்தைச் சுற்ற, கதிர் சுழலும். மறு கை பட்டையிலிருந்து இழையை இழுக்கும். கொட்டிச் சீராக்கிய பஞ்சில் செய்த பட்டை இல்லாவிட்டால் ராட்டை வெறும் மரச் சாமான். ஆரம்பத்தில் பட்டையும் ஆலையிலிருந்தே வந்தது. அதை காந்தி விரும்பவில்லை. பஞ்சு கொட்டுபவர் ஒருவரை மாதம் 35 ரூபாய் சம்பளத்தில் கங்காபென் அமர்த்தினார்.

நோயுற்று மும்பையில் படுத்திருந்தபோதும் காந்திக்கு அதே கவலைதான். வில்லை மீட்டியபடி தினமும் வீட்டைக் கடந்து போன ஒருவரை அழைத்து விசாரித்தார். மெத்தைக்குப் பஞ்சு கொட்டுபவர் அவர். பட்டைக்கும் கொட்டித் தருவதாகச் சொல்லி அதிக விலை கேட்டார். காந்தி கொடுத்தார். பிறகு அறையில் ராட்டை ஓடத் தொடங்கியது. தன் உடல்நலம் தேறியதில் அந்த ஓசைக்கும் பங்குண்டு என்கிறார் அவர்.

கருவி பரணில் பத்திரமாக இருந்தது. அறுந்து போயிருந்தது அதைச் சுற்றியிருந்த தொழில். இன்று கதர் நூற்பவர்களுக்காக சித்ரதுர்கா, ரேபரேலி போன்ற இடங்களில் பட்டை தயாரிக்கும் ஆலைகளையே கதர் கிராமத் தொழில்கள் ஆணையம் நிறுவியிருக்கிறது. விஜாபூர்க்காரர்களின் முதல் நிபந்தனையை இயந்திரம் நிறைவேற்றுகிறது. இரண்டாவது நிபந்தனை, கதர் வாங்குபவர்களின் கையில்.